லூர்துமேரி வைத்த மெட்டுகள்

லூர்துமேரிக்கு நல்ல காது. இதை அடுத்தவர் வாயால் கேட்க அவள் காத்திருந்ததில்லை, அவளே சொல்லிவிடுவாள். விழுப்புரம் மாதா கோவிலில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், எந்த வரியில் யார் சுரம் இறங்கினார்கள் என்று ஆளாளுக்குப் பெயர் சொல்லிப் பிரித்து வைப்பாள். பக்கத்தில் நின்று பாடும் சவுரியம்மாளுக்கு இதனாலேயே அவளைக் கண்டால் ஆகாது. ஆனாலும் சும்மா சொல்லக் கூடாது, அவள் சொன்னது ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை.

பிறந்தது முகையூரில். சொந்தமாக ஒரு முழம் நிலம் கிடையாது. ஏழு வயதில் அடுத்தவர் கழனியில் இறங்கியவள் பதினெட்டு வயது வரை நடவு, களை, அறுப்பு என்று அங்கேயே கிடந்தாள். நடவுப் பாட்டை அவள்தான் எடுத்துக் கொடுப்பாள். பாட்டு பிடிக்கும், சேறு பிடிக்காது. கால் விரல் இடுக்கில் வருஷா வருஷம் வந்த சேற்றுப்புண்ணை நினைத்தால் பின்னாளிலும் அவளுக்கு உடம்பு கூசும். பெண் கேட்டு வந்தவர்கள் மாப்பிள்ளைக்குத் தச்சு வேலை என்றார்கள். தச்சு வேலை என்றால் கால் காய்ந்திருக்கும். அது போதும் என்று தலையாட்டிவிட்டாள்.

மாப்பிள்ளை பெயர் அப்பாதுரை. பாதிரியார் ஒருவர் நடத்திய பட்டறையில் வேலை கற்றவன். ஜங்ஷனுக்குப் பின்னால், கீழ்ப்பெரும்பாக்கம் போகிற வழியில் ஓர் ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு பெஞ்சு, பெட்டி, கதவு, சவப்பெட்டி என்று எது கேட்டாலும் செய்து கொடுப்பான். பேச்சு குறைவு. உளியை வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால் அதை நாலு நாளாக மனசில் போட்டு உருட்டிவிட்டுத்தான் சொல்கிறான் என்று அர்த்தம்.

1935ஆம் வருஷம் ரயில்வே காலனியிலிருந்து என்ஜின் டிரைவர் பெர்சி துரை ஒரு கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போது கை நழுவி, பக்கப் பலகை பிளந்திருந்தது. கிட்டாரின் தலையில் 'வின்போர்ட்' என்று பொன் எழுத்து. சீமையில் பெரிய கம்பெனி. காலனியில் யார் கையில் கிட்டார் இருந்தாலும் அது வின்போர்ட்டாகத்தான் இருக்கும், வேறு பெயர் யாருக்கும் தெரியாது. அப்பாதுரை அன்றைக்கே ஒட்டி முடித்தான். திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் தரையில் ஒரு காகிதத்தை விரித்து, கிட்டாரை அதன்மேல் படுக்க வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டான்.

"இன்னாத்துக்குங்க இது?" என்று லூர்துமேரி கேட்டாள்.

"நம்மளும் ஒண்ணு செஞ்சி பாப்போம்."

முதுகுக்கும் பக்கத்துக்கும் பண்ருட்டிப் பலா. முன்பலகைக்கு, கூட்ஸ் ஷெட்டில் மெஷின் வந்து இறங்கிய தேவதாருப் பெட்டியைக் கேட்டு வாங்கிப் பிரித்துக்கொண்டான். மூன்று மாதத்தில் உடம்பும் கழுத்தும் வந்துவிட்டன. பாக்கி இருந்தது மெட்டு. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதிக்கும் பித்தளைக் கம்பிக்குத்தான் மெட்டு என்று பெயர். விரலை மெட்டை ஒட்டி அழுத்தினால் சுரம் வரும். மொத்தம் பத்தொன்பது. அவற்றை எந்தெந்த இடத்தில் பதிப்பது?

துரையின் கிட்டாரிலேயே அளந்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அப்பாதுரைக்கு அது தோன்றவே இல்லை. திண்டிவனத்தில் ஒரு வக்கீல் வீட்டுக்குக் கதவு போடப் போனபோது, அங்கே ஒருவர் வீணைக்கு மெட்டு வைத்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். மெழுகை உருக்கி, அதன்மேல் மெட்டை நிறுத்தி, தந்தியை மீட்டிக் காதால் கேட்டுக் கேட்டு நகர்த்தி, சுரம் வந்த இடத்தில் விட்டார் அந்த மனுஷர். மெட்டு என்றால் அப்படித்தான் வைக்க வேண்டும் என்று இவன் முடிவு கட்டிவிட்டான். அதற்கு வேண்டியது நல்ல காது. அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே!

அப்பாதுரை வெறும் தந்தியை மீட்டிக்கொண்டே இருப்பான். லூர்துமேரி அடுத்த தந்தியில் விரலை வைத்து, வாயால் சுரத்தைப் பாடி, மெழுகின்மேல் மெட்டை இப்படியும் அப்படியும் தள்ளுவாள். இரண்டும் ஒன்றோடு ஒன்று குழைந்து உட்கார்ந்ததும் "நிறுத்துங்க" என்பாள். அவன் அந்த இடத்தில் கோடு கிழித்து, சின்ன ரம்பத்தால் பள்ளம் அறுத்து, கம்பியைப் பதிப்பான். பத்தொன்பது மெட்டுக்கும் இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் அவளுக்குக் கல்யாண வீட்டில் இருப்பதுபோல இருந்தது. அவள் காதுக்கும் ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது!

பெர்சி துரை வந்தார். ஒற்றைத் தந்தியில் ஒரு பாட்டை வாசித்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "ஏ அப்பாதொரை, தேனு மாதிரி கீதுப்பா!" என்றார். லூர்துமேரி நிமிர்ந்து நின்றாள். அப்புறம் அவர் மூன்று விரலைப் பரப்பி வைத்து, ஆறு தந்தியையும் சேர்த்து ஒரே இழுப்பாக அடித்தார். அதற்கு 'கார்ட்' என்று பெயராம். பல சுரத்தை ஒரே நேரத்தில் கேட்க வைப்பது. டான்ஸுக்கு வாசிக்கிறவர்களுக்குப் பாட்டைவிட அதுதான் முக்கியம்.

கிட்டார் ஊளையிட்டது.

விரலை மாற்றி வைத்தார். ஓர் இடத்தில் சரியாக இருந்தது, அடுத்த இடத்தில் மறுபடி ஊளை. "தனித்தனியா நல்லா கீது. சேத்து அடிச்சா ஏம்ப்பா சண்டை போடுது?" என்று கேட்டுவிட்டு, மனசில்லாமல் கீழே வைத்தார்.

ஸ்டேஷன் ரோட்டில் சைக்கிளும் கிராமபோனும் விற்கிற கோதண்டபாணிக்கு இது எட்டாமல் இருக்குமா? வின்போர்ட் கிட்டாரை மதராஸிலிருந்து வரவழைத்து விற்கிறவர் அவர்தான். அப்பாதுரையைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாப்பா, உன் கிட்டாரு வாங்கினா வீட்டுக்குக் காவலுக்கு நாய் வேணாமாமே!" என்பார். கடையில் இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அப்பாதுரையும் சேர்ந்து சிரித்துவிட்டு வருவான். வீட்டில் சொல்ல மாட்டான். ஆனால் அதுவும் அவள் காதுக்கு வந்துவிடும்.

இரண்டாவது கிட்டாருக்கு லூர்துமேரி ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். முதல் கிட்டாரில் மயிரிழை பிசகியிருக்கும், அதுதான் கோளாறு என்று நினைத்தாள். மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு வைத்தாள். துரை வந்து அடித்தார். முன்னைவிட மோசம். அவள் அழாத குறை.

"நான் வெச்சதுல எது தப்புன்னு ஒண்ணு, ஒண்ணே ஒண்ணு காட்டுங்க தொரை!"

துரை ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தார். காட்ட முடியவில்லை.

1937ஆம் வருஷம் ஐப்பசியில் கோதண்டபாணி கிண்டலை விட்டுவிட்டு நிஜமாகவே நல்லது சொல்ல வந்தார். மதராஸில் வின்போர்ட் விற்கும் பெரிய கடையில் ரிப்பேர் வேலைக்குக் கைத்திறமை உள்ள ஆள் தேவை. மாசச் சம்பளம். ஆம்பளைகள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து தங்க ஒரு ரூம். பெண்டாட்டியைக் கூட்டிப் போக முடியாது. அப்பாதுரை நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் உளியைக் கீழே வைத்தான்.

"மூணாவதா ஒண்ணு செய்யலாம், மேரி. அதையும் வேணான்னுட்டா நான் பட்டணம் போய்ட்றேன். நீ கொஞ்ச நாளு முகையூர்ல இரு."

முகையூரில் 'இருப்பது' என்று ஒன்று கிடையாது. பிறந்த வீட்டில் ஐந்து வாய். போன மறுநாளே கழனியில் இறங்கியாக வேண்டும். அந்த மூன்றாவது கிட்டாரில் அவளுடைய காலும் அதன் காய்ந்த விரல்களும் தொங்கிக்கொண்டிருந்தன.

மூன்றாவதற்கு மரம் அறுக்கத் தொடங்கும் முன்பே, டிசம்பர் மாதம் பெர்சி துரையின் வின்போர்ட் மறுபடி வந்தது. தந்திகளைப் பிடித்து வைத்திருக்கும் குதிரைக்கட்டை பெயர்ந்திருந்தது. "கிறிஸ்மஸ் டான்ஸுக்கு வேணும்பா. நான் திருச்சி டியூட்டி போய்ட்டு ஆறு நாள்ல வர்றேன்" என்று கொடுத்துவிட்டுப் போனார். அப்பாதுரை வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஒட்டி, தந்தியைப் பூட்டி, சுவரில் மாட்டினான். மறுநாள் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஜன்னல் பொருத்த மூன்று நாள் வேலையாகப் போய்விட்டான்.

லூர்துமேரியும் வின்போர்ட்டும் தனியாக இருந்தார்கள்.

எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெறும் தந்தியை மீட்டி, ஒவ்வொரு மெட்டாக அழுத்திக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கு நம்பவே முடியவில்லை. ஐந்தாவது மெட்டு சரி. ஏழாவது சரி. பன்னிரண்டாவது சரி. மூன்றாவது? இறங்கிக் கிடந்தது. நாலாவது மேலே ஏறி நின்றது. எட்டாவதும் ஒன்பதாவதும் அதே லட்சணம். கம்பெனிக்காரன் ஒரு நெல் அகலத்துக்குத் தள்ளிப் பதித்திருக்கிறான்! "அட பாவி, இந்தச் செவுட்டுப் பய வெச்ச மெட்டுக்கா இவ்ளோ பேரு!" என்று வாய்விட்டே சொன்னாள்.

பிறகுதான் அந்த யோசனை வந்தது. கேட்டால் சிரிப்பீர்கள், ஆனால் அவள் வரைக்கும் அதில் ஓட்டை இல்லை. துரையின் காது இந்தத் தப்பான கிட்டாரோடு வருஷக் கணக்காகப் பழகிப் பழகிக் கெட்டுப்போயிருக்கிறது. அதனால்தான் சரியான கிட்டாரைக் கொடுத்தால் ஊளை என்கிறார். இதைச் சரி பண்ணிவிட்டால் அவர் காதும் தானாகச் சரியாகிவிடும். காது சரியானால் மூன்றாவது கிட்டாரை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அப்பாதுரை பட்டணம் போக வேண்டாம். அவள் முகையூர் போக வேண்டாம்.

குறடு ஒன்றை எடுத்தாள். நாலு மெட்டையும் நோகாமல் பிடுங்கினாள். பழைய பள்ளத்தை மரத்தூளும் வஜ்ஜிரமும் குழைத்து அடைத்தாள். மெழுகில் வைத்து, பாடி, நகர்த்தி, சரியான இடம் கண்டுபிடித்துப் புதுப் பள்ளம் அறுத்துப் பதித்தாள். புருஷன் கூட அவ்வளவு சுத்தமாகச் செய்திருக்க மாட்டான். முடித்துவிட்டு நாலையும் தடவிப் பார்த்தாள். சீமைக் கம்பெனியைத் திருத்திவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்குக் கேப்பைக் கூழ் கூட இனித்தது.

அப்பாதுரை திரும்பி வந்த அன்றே பெர்சி துரையும் வந்துவிட்டார். கிட்டாரை அவர் கையில் கொடுத்து, "அங்கங்க சொதப்பி வெச்சிருந்தாங்க தொரை. எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்" என்றாள். அப்பாதுரை நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

துரை ஆறு தந்தியையும் அடித்தார்.

அவள் மெட்டு வைத்த இரண்டு கிட்டாரும் எப்படி ஊளையிட்டனவோ, அப்படியே ஊளையிட்டது வின்போர்ட்.

துரை கத்தியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பாள். அவர் கத்தவில்லை. அறுத்துப் போட்டிருந்த பலாக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். கிட்டாரின் கழுத்தில் அவள் அடைத்த பள்ளத்தின்மேல் விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். அது அவர் முதல் சம்பளத்தில் வாங்கியது.

"மேரி, இங்க வா" என்றார் கடைசியில். "இன்னா கேக்குது உனக்கு?"

"எல்லாம் சரியாத்தான் கேக்குது தொரை."

"ஒண்ணொண்ணா கேக்காதே. ஒண்ணாக் கேளு." விரலைப் பரப்பி வைத்து மெல்ல அடித்தார். "இந்த மூணும் ஒருத்தரையொருத்தர் எப்படிப் பாக்குறாங்கன்னு கேளு."

அவள் கண்ணை மூடினாள். நடவுப் பாட்டில் எல்லோரும் ஒரே சுரத்தில்தான் பாடுவார்கள். கோவிலிலும் அப்படித்தான். மூன்று சுரத்தைச் சேர்த்துக் கேட்க வேண்டிய வேலை அவள் காதுக்கு இதுவரை வந்ததே இல்லை. இப்போது கேட்டாள். அடித் தந்தியோடு ஒவ்வொன்றும் உயிராகத்தான் இருந்தது. ஆனால் இந்த மெட்டுக்கும் அந்த மெட்டுக்கும் ஆகவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ வெடவெடவென்று நடுங்கியது. ஓர் ஊளை.

"ஐயோ, ஆண்டவரே!" என்றாள்.

துரை எழுந்தார். "டான்ஸு மூணு நாள்ல. எப்படி இருந்துச்சோ அப்படிக் குடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அப்பாதுரை அவளைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் வஜ்ஜிரச் சட்டியை அடுப்பில் வைத்தான். அது அவளை இன்னும் வதைத்தது. "தப்பு உங்க மேல இல்லீங்க. கட்டையிலயும் இல்ல. ரெண்டு கிட்டாரையும் கெடுத்தது என் காதுதான்" என்று சொல்லிவிட்டு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"அழுதுக்கினே இருந்தா பள்ளம் தூந்து போவுமா? பழைய பள்ளத்தைச் சுரண்டு" என்றான் அவன்.

கத்தி முனையால் பழைய பள்ளங்களைச் சுரண்டி எடுத்து, பிடுங்கிய மெட்டுகளை அவற்றிலேயே பதித்தார்கள். அவள் அறுத்த நாலு பள்ளத்திலும் கருங்காலிச் சீவலைச் செருகி மறைத்தார்கள். ஒவ்வொரு மெட்டாக இடம் மாறும்போது லூர்துமேரி தந்தியை மீட்டிக் கேட்டாள். தன் இடத்துக்கும் கம்பெனிக்காரன் இடத்துக்கும் என்ன தூரம் என்று இப்போது வெறுப்பில்லாமல் கேட்டாள். நாலாவது மெட்டு எவ்வளவு ஏறி நிற்கிறது, மூன்றாவது எவ்வளவு இறங்கிக் கிடக்கிறது, ஏழாவதில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சின்னக் குறை. அவன் செவிடன் இல்லை. யாரோ தெரிந்தேதான் ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம் தப்பாக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால்தான் எல்லாம் ஒன்றாக இருக்க முடியும்போல.

அப்பாதுரை வேறு காரியம் செய்தான். ஒரு நீளப் பனை ஓலையை நறுக்கி வின்போர்ட்டின் கழுத்தோடு வைத்து, பத்தொன்பது மெட்டையும் அதில் கீறிக்கொண்டான். "இனிமே உனக்குக் கஷ்டமே இல்ல, மேரி. ஓலையை வெச்சு நானே கோடு போட்டுர்றேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். அவளுக்கு நெஞ்சில் குத்தியது.

கிறிஸ்மஸ் முடிந்தது. துரை வின்போர்ட்டோடு டான்ஸில் வாசித்தார் என்று கேள்விப்பட்டார்கள். லூர்துமேரிக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. பாத்திரம் தேய்க்கும்போதும் மல்லாட்டைக் கடலை உரிக்கும்போதும் வாய்க்குள் ஒரு சுரத்தைப் பாடுவாள், உடனே அதைத் துளி மேலே தள்ளி அங்கேயே நிறுத்திப் பாடுவாள். அந்த நாலாவது மெட்டின் தப்பு. அப்புறம் மூன்றாவதன் தப்பு. சரியாகப் பாடுவது அவளுக்கு மூச்சு விடுவதுபோல. தப்பாகப் பாடுவது, அதுவும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு தப்பாகப் பாடுவது, உயிரை வாங்கியது. சாதகம் பண்ணினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் தன்னை மறந்து அந்த ஏறின சுரத்தை எடுத்துவிட்டாள். சவுரியம்மாள் திரும்பிப் பார்த்த பார்வையில் ஏழு வருஷத்துச் சந்தோஷம் இருந்தது.

"இன்னாடி, காதுல எறும்பு பூந்துக்கிச்சா?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"தப்பா பாடக் கத்துக்கினு இருக்கேன்" என்றாள் லூர்துமேரி. சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தை மாதம் பெர்சி துரை தன் மனைவியை அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். துரைசானிக்குச் சின்னக் கை. அதிலும் இடது சுண்டுவிரல் எப்போதோ கொதி எண்ணெய் கொட்டி மடங்காமல் விறைத்திருந்தது. துரையின் கிட்டார் அவளுக்கு எட்டாது. சின்ன வின்போர்ட் ஒன்றை ஈஸ்டருக்குள் வரவழைத்துத் தருவதாகக் கோதண்டபாணி சொல்லியிருந்தார்.

"நீயும் ஒண்ணு செய், அப்பாதொரை. ரெண்டையும் வெச்சுப் பாக்கட்டும். எது அவ கைக்குச் சரியோ அது."

கிட்டாரைக் கெடுத்தவர்களிடமே எதற்கு வந்தீர்கள் என்று லூர்துமேரி கேட்டேவிட்டாள். துரை சிரித்தார். "மெட்டை மாத்துனதை நீயே சொன்னே. ஒளிக்கலியே. அது போதும்."

அப்பாதுரை ஒரு நூலை எடுத்து, தையற்காரன்போல துரைசானியின் கையை அளந்தான். விரல் விரிக்கிற தூரம், சுண்டுவிரல் நிற்கிற கோணம், எல்லாவற்றையும் அளந்தான். இதை வின்போர்ட்காரன் எங்கே வந்து செய்யப் போகிறான்? சீமையில் உட்கார்ந்துகொண்டு அவனுக்கு இந்த அம்மாள் விரல் தெரியுமா? சந்தோஷமாக மரம் அறுத்தான். பங்குனி பிறக்கும் முன்பே உடம்பும் கழுத்தும் தயார். கழுத்து அந்தக் கைக்கு அளவாக, மூன்று விரற்கடை குட்டை.

ஓலையை எடுத்து வைத்தபோதுதான் தலையில் கல் விழுந்தது. ஓலை நீளம், கழுத்து குட்டை. பத்தொன்பது மெட்டும் அதில் அடங்கவில்லை. ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரே அளவு குறைத்து ஒரு துண்டுக் கட்டையில் கீறித் தந்தி கட்டிப் பார்த்தான்.

"இல்ல" என்றாள் லூர்துமேரி, மூன்றாவது மெட்டிலேயே.

வேறு விதமாகக் குறைத்தான். "இல்ல." நாலு நாள் இப்படி ஓடியது. ஐந்தாம் நாள் அவன் ஓலையை வீசிவிட்டு, "பட்டணம் போறேன்னு கோதண்டபாணி கிட்ட சொல்லிட்றேன்" என்றான்.

அவள் மெழுகுக் கட்டியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"நான் வைக்கிறேங்க."

"மறுபடியும் ஊளைதான் வரும், மேரி."

"தந்தியை மீட்டுங்க."

அவன் மீட்டினான். அவள் நாலாவது மெட்டை மெழுகின்மேல் வைத்துப் பாடி, நகர்த்தி, முதலில் சரியான இடத்துக்குக் கொண்டுவந்தாள். தந்திகள் குழைந்தன. அப்பாதுரை கோடு கிழிக்கக் குனிந்தான். "இருங்க" என்றாள். இரண்டு மாதமாகப் பாடி வைத்திருந்த அந்தத் தப்பை வாயால் எடுத்தாள். மெட்டை உடம்புப் பக்கமாகத் துளித் துளியாகத் தள்ளினாள். சுரம் ஏறியது. அவளுக்குப் பல் கூசியது. இன்னும் கொஞ்சம். "நிறுத்துங்க." மூன்றாவது மெட்டைச் சரியான இடத்திலிருந்து தலைப் பக்கம் இழுத்தாள். ஏழாவதைப் பெயருக்குத் தொட்டாள். இரண்டு மெட்டு வைத்ததும் சேர்த்து அடித்துக் கேட்பாள், ஒன்றோடு ஒன்று நடுங்கினால் மறுபடி மெழுகை இளக்குவாள். பத்தொன்பது மெட்டுக்குப் பதினோரு நாள். ஒவ்வொரு மெட்டும் அவள் காதை அவளே கிள்ளிக்கொண்டதுபோல இருந்தது. முடிந்த அன்று தலைவலியோடு சுருண்டு படுத்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை பத்து மணிக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் வராந்தாவில் எல்லோரும் கூடினார்கள். கோதண்டபாணி பட்டுத் துணி விரித்த பெட்டியைத் திறந்து சின்ன வின்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். அது பளபளத்தது. துரைசானி வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவது கார்டுக்குச் சுண்டுவிரல் எட்டவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு கையை உதறினாள். லூர்துமேரிக்கு அந்த அம்மாளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குஷியாகவும் இருந்தது. ஆனால் தங்கள் கிட்டார் துரைசானி மடிக்குப் போனதும் குஷியெல்லாம் போய்விட்டது. அப்பாதுரை வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். லூர்துமேரி தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

துரைசானி விரலைப் பரப்பினாள். சுண்டுவிரல் தானாகத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. ஆறு தந்தியையும் அடித்தாள்.

ஊளை இல்லை.

அடுத்த கார்ட். அதற்கடுத்தது. மேலே, கீழே, பன்னிரண்டாவது மெட்டுக்கு அப்பால். துரைசானிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் நிறுத்தவில்லை, ஒரு டான்ஸ் பாட்டையே வாசிக்கத் தொடங்கிவிட்டாள். பெர்சி துரை காலால் தாளம் போட்டார். அப்பாதுரை தூணை விட்டுவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். பாட்டு முடிந்ததும் துரைசானி சின்ன வின்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. மடியில் இருந்ததை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கோதண்டபாணி பெட்டியை மூடினார்.

"ஐயா" என்றான் அப்பாதுரை அவரிடம். "பட்டணத்துக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

பெர்சி துரை கிட்டாரை வாங்கிக் கழுத்தை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு மெட்டாக விரலால் எண்ணிக்கொண்டு போனார். "சின்னக் கழுத்துக்கு அளவு யாருப்பா குடுத்தது?"

"அளவு ஏதுங்க தொரை? ஓலை ஒத்துவரல. அவ காதாலதான் வெச்சா" என்றான் அப்பாதுரை.

துரை லூர்துமேரியைத் திரும்பிப் பார்த்தார். "அதே காதுதானே ரெண்டு தபா ஊளை உட வெச்சுது?"

"அப்போ எல்லாத்தையும் சரியா வெச்சேன் தொரை" என்றாள் லூர்துமேரி. "எவ்வளவு தப்பா வைக்கணும்னு இப்பத்தான் தெரிஞ்சிக்கினேன்."